லித்தியம்–கார்பன் டை ஆக்சைடு மின்கல வினையூக்கிகள்

லித்தியம்–கார்பன் டை ஆக்சைடு மின்கலத்தில் ஒருபுறம் லித்தியத் தகடு; மறுபுறம் வாயு புகுந்து செல்லும் நுண்துளைக் கார்பன் முனை. மின்சாரம் தரும்போது 4 லித்தியம் அணுக்களும் 3 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் சேர்ந்து 2 லித்தியம் கார்பனேட்டும் 1 கார்பனும் ஆகின்றன. சமநிலை மின்னழுத்தம் சுமார் 2.8 வோல்ட். கோட்பாட்டளவில் கிலோவுக்கு 1,876 வாட்–மணி ஆற்றல் உண்டு. செவ்வாயின் வளிமண்டலத்தில் சுமார் 95 சதவீதம் இதே வாயு என்பதால் விண்வெளித் துறைக்கும் இதில் ஒரு கண்.

2011இல் டொயோட்டா ஆய்வாளர்கள் ஆக்சிஜனோடு இவ்வாயுவைக் கலந்து சோதித்தார்கள். 2013இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிண்டன் ஆர்ச்சர் குழு கார்பன் டை ஆக்சைடில் மட்டுமே இயங்கும் கலத்தைக் காட்டியது. அதை மீண்டும் மின்னேற்ற முடியாது. மின்னேற்றக்கூடியவை பின்னரே வந்தன.

தொல்லையெல்லாம் மின்னேற்றத்தில்தான். லித்தியம் கார்பனேட் மின்சாரம் கடத்தாது, மின்பகுளியில் எளிதில் கரையாது; துளைகளை அடைத்துக்கொண்டு படியும். வெறும் கார்பன் முனையில் அதைச் சிதைக்க 4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அந்த அழுத்தத்தில் மின்பகுளியும் சிதையத் தொடங்கும். கார்பனேட் தனியே சிதைந்தால் உடன் விளைந்த கார்பன் அப்படியே தங்கிவிடும். வெளிப்படும் வினைமிகு ஆக்சிஜன் கலத்தையே அரிக்கும். ஆகவே மின்னழுத்தம் குறைந்ததை மட்டும் காட்டி நல்ல வினையூக்கி என்று சொல்வது போதாது. வெளியேறும் வாயுவையும் அளக்க வேண்டும்: 4 எலக்ட்ரானுக்கு 3 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு வந்தால் வினை முழுமையாகத் திரும்பியிருக்கிறது, 2 மட்டும் வந்தால் கார்பன் உள்ளே சேர்கிறது.

ருத்தேனியம் நானோ துகள்கள் கார்பனேட்டையும் கார்பனையும் ஒன்றாக வினைபுரியத் தூண்டுகின்றன. விலைதான் தடை. மாலிப்டினம் கார்பைடின் வழி வேறு. 2017இல் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகக் குழு, இடைநிலையில் தோன்றும் ஆக்சலேட்டை அது பிடித்துவைப்பதால் 3.5 வோல்ட்டுக்குள் மின்னேற்றம் முடிவதைக் காட்டியது. ஆனால் ஆக்சலேட்டோடு நின்றால் ஒரு மூலக்கூறு வாயுவுக்கு ஓர் எலக்ட்ரான்தான். கார்பன் வரை சென்றால் மூன்று மூலக்கூறுகளுக்கு நான்கு. மின்னழுத்தத்தில் மிச்சப்படுத்தியது கொள்ளளவில் போய்விடுகிறது.

2019இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் மாலிப்டினம் டைசல்பைடு நுண்தகடுகளைக் கொண்ட கலம் 500 சுழற்சிகள் ஓடியது. ஒவ்வொரு சுழற்சியிலும் கொள்ளளவைக் கிராமுக்கு 500 மில்லி ஆம்பியர்–மணி என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். இத்துறையில் ‘கிராமுக்கு’ என்றால் பெரும்பாலும் முனைப்பொருளின் எடை; முழுக் கலத்தின் எடை அல்ல. சுழற்சி எண்ணிக்கைகளை ஒப்பிடுவோர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

திண்ம வினையூக்கிக்கு இன்னொரு குறை: படிவம் தடித்தால் அதன் தொலைவான பகுதியை வினையூக்கியால் தொடவே முடியாது. லித்தியம் புரோமைடு போன்ற கரையும் ஊக்கிகள் அங்கும் சென்று சேரும். ஆனால் அவை எதிர்ப்புறம் பரவி லித்தியத் தகட்டோடும் வினைபுரியும் என்பதால் நடுவே தடுப்புப் படலம் தேவைப்படுகிறது.