பதிவு வன்தட்டை மறுவடிவமைத்தல்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சேமித்துவரும் வன்தட்டில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறி வேகம் குறையும்போது, அவற்றை வேறொரு தட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய தட்டைப் புதிதாக வடிவமைக்கும் வேலை இது. பேச்சுவழக்கில் ‘ஃபோமற் பண்ணுவது’ என்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வேலைக்கு இரண்டு தனிக் கவலைகள் உண்டு. ஒன்று மின்வெட்டு. மற்றது, வேறெங்கும் பிரதி இல்லாத பதிவுகள்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் வீடியோ நாடாவும் ‘டெக்’கும் வீடுகளுக்கு வந்தன. 1990 இற்குப் பின் போரினால் மின்சாரம் இல்லாமற்போன ஆண்டுகளில், ஜெனரேற்றரை இயக்கித்தான் படம் பார்க்க முடிந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுப்போன பொருட்களில் இந்த நாடாக்களும் அடங்கும். இன்று அவற்றின் இடத்தில் வன்தட்டு இருக்கிறது. நல்லூர்க் கந்தன் மகோற்சவ நேரலை, ஊர்க் கோயில் தேர், பட்டிமன்றம், நாடகத் தொடர் எல்லாம் அதில்தான் சேர்கின்றன.

தட்டு ஏன் சிதறுகிறது? பதிவுக் கருவி, வெற்றிடம் எங்கெங்கு இருக்கிறதோ அங்கங்கே எழுதிக்கொண்டு போகிறது. அரை மணித்தியாலத் தொடரை அழித்தால் அந்த அளவுக்கு ஓர் இடைவெளி விழும். அடுத்து மூன்று மணித்தியாலப் படத்தைப் பதியும்போது, அது அத்தகைய பல இடைவெளிகளில் பிரிந்து உட்காரும். இரண்டு அலைவரிசைகளை ஒரே நேரத்தில் பதிந்தால், இரண்டின் துண்டுகளும் மாறி மாறி விழுகின்றன. நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் பிடிக்கும். துண்டு மாறும் ஒவ்வொரு முறையும் வாசிக்கும் முனை இடம்பெயர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியை மட்டும் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கும்போதுதான் படம் உறைந்து நிற்கும், பதிவில் இடையிடையே காட்சி விடுபடும். நகரும் பாகம் இல்லாத திண்மநிலைத் தட்டுகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

விண்டோஸிலுள்ள ஒழுங்குபடுத்தும் கருவி சிதறலைச் சரிசெய்யும். ஆனால் அதற்குத் தட்டில் 15 சதவீதமளவு வெற்றிடம் வேண்டும். பதிவுத் தட்டுகளில் அது கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் வேறு தட்டுக்குப் பிரதி எடுத்து, பழையதை வடிவமைத்து, திரும்பவும் எழுதினால் கோப்புகள் தாமாகவே வரிசையாக அமைந்துவிடும். பெரிய கோப்புகளுக்கு இதுவே நல்ல வழி.

இடத்தையும் முன்னரே கணக்கிட வேண்டும். செக்கனுக்கு 4 மெகாபிற் வேகத்தில் வரும் சாதாரணத் தர ஒளிபரப்பு மணித்தியாலத்துக்கு 1.8 கிகாபைற் பிடிக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் நாளுக்கு நான்கு மணித்தியாலம் பதிந்தால் 180 கிகாபைற் ஆகிறது.

கோப்பு முறைமையைத் தெரிவதில் கவனம் தேவை. ஃபாற்32 முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்டாது. நீண்ட பதிவை வெட்டித்தான் சேமிக்க வேண்டிவரும். எக்ஸ்ஃபாற்றில் அந்தத் தடை இல்லை, ஆனால் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏற்பாடும் அதில் இல்லை. என்ரிஎஃப்எஸ் முறையில் அது உண்டு என்பதால், எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் கோப்பு அட்டவணை குலையும் வாய்ப்புக் குறைவு. கருவி ஏற்குமானால் குடாநாட்டுக்கு என்ரிஎஃப்எஸ்தான் பொருத்தம். கோப்புக்கு இடம் ஒதுக்கும் அடிப்படை அலகான கொத்தணியின் அளவை 4 கிலோபைற்றிலிருந்து 64 கிலோபைற்றாக உயர்த்தினால் சிதறலும் குறையும்.

விரைவு வடிவமைப்பு அட்டவணையை மட்டுமே புதுப்பிக்கும். பழைய தரவு அடியில் கிடக்கும். விஸ்ராவிலும் அதற்குப் பின்வந்த விண்டோஸ் பதிப்புகளிலும் முழு வடிவமைப்புத் தட்டு முழுவதும் பூச்சியத்தை எழுதிவிடும். அதன்பின் மீட்பு இல்லை. ஒரு டெராபைற் தட்டில், செக்கனுக்கு 100 மெகாபைற் வேகத்தில், அதற்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் செல்லும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

விரைவு வடிவமைப்புச் செய்தாலும் தப்பிவிட்டோம் என்று இருக்க முடியாது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பிடித்து, அடுத்தடுத்த பகுதிகளைச் சேர்த்து மீட்பவை. சிதறிய கோப்பில் அடுத்த துண்டு எங்கே என்று சொல்ல அட்டவணை இருக்காது. எனவே வடிவமைக்க வேண்டிய அளவுக்குச் சிதறிய தட்டுத்தான், தவறுதலாக வடிவமைத்தால் மீட்க மிகக் கடினமான தட்டும்.

பதிவுக் கருவிகள் சில தமக்கென்று தனிக் கோப்பு முறைமையை வைத்திருக்கின்றன. அந்தத் தட்டைக் கணினியில் செருகியதும், வடிவமைக்கவா என்று விண்டோஸ் கேட்கும். தட்டு பழுது என்று நினைத்து ‘ஆம்’ கொடுப்பவர்கள் பலர். சில கருவிகளின் பதிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டவை. பிரதி எடுத்தாலும் வேறு கருவியில் ஓடா. தட்டில் பழுதான பகுதிகள் பெருகியிருந்தால், வடிவமைப்பு அதைக் குணப்படுத்தாது. தட்டையே மாற்ற வேண்டும்.

தட்டை வடிவமைக்க முன், எடுத்த பிரதியில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் ஓடவிட்டுப் பாருங்கள். ஊர் நிகழ்வுகளின் பதிவுகளுக்கு இன்னொரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள்.