கானகத்தில் ஓர் ஊராட்சி

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், ஆனைமுடிச் சிகரத்துக்கு அப்பால் அடர்ந்த காட்டினுள்ளே அமைந்திருப்பது இடமலைக்குடி. 2010ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கேரள மாநிலத்தின் முதற் பழங்குடி ஊராட்சி இங்கே பிறந்தது. அதற்கு முன்னர் இவ்விடம் மூணாறு ஊராட்சியின் ஒரு வார்டாக மட்டுமே இருந்தது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் இவ்வூரின் வரலாற்றை அறிந்துகொள்வது பல வகையிற் பயன் தருவதாகும்.

இங்கு வாழ்வோர் ஏறத்தாழ அனைவரும் முதுவர் எனும் குடியினர். மதுரையை விட்டு வெளியேறிய தம் முன்னோர், தெய்வத் திருவுருவையும் குழந்தைகளையும் முதுகிற் சுமந்து மலையேறினர் என்றும், அதனாலேயே முதுவர் எனும் பெயர் வந்தது என்றும் அவர்கள் சொல்வர். கண்ணகி மதுரையை எரித்த நாளில் அது நிகழ்ந்தது என்பாரும் உளர். இவை செவிவழிச் செய்திகளே. கல்வெட்டுச் சான்றுகள் அல்ல. எனினும் அவர்கள் வீட்டில் வழங்கும் மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது என்பதில் ஐயமில்லை.

1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு அளித்தார். அம்மலைகளின் பெயர் கண்ணன் என்ற முதுவர் தலைவரால் வந்தது என்பது அப்பகுதியின் வழக்கு. பின்னர் அங்கே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன; தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் திரளாகச் சென்று குடியேறினர். மலைக்குப் பெயர் தந்த குடியினரோ காட்டின் உட்பகுதியிலேயே வாழ்ந்து வந்தனர்.

அவர்களிடம் ஆட்சிமுறையே இல்லாதிருந்தது என்று எண்ணுதல் தவறு. ஒவ்வொரு குடியிருப்பும் 'குடி' எனப்படும். குடிக்குத் தலைவர் 'காணி'. வழக்குகளைத் தீர்ப்பதும் பொதுக் காரியங்களை நடத்துவதும் காணியும் மூத்தோரும் கூடிச் செய்யும் கடமைகள். இத்தகைய குடிகள் இருபதுக்கு மேற்பட்டவை காட்டிலே சிதறிக் கிடக்கின்றன. 2010ஆம் ஆண்டில் வந்த ஊராட்சி, இந்தப் பழைய ஏற்பாட்டின் அருகே தேர்தலையும் வரவு செலவுத் திட்டத்தையும் கொணர்ந்து வைத்தது.

தனி ஊராட்சி எதற்கு என்று கேட்போருக்குப் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி விடை தருகிறது. 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த அப்பள்ளத்தாக்கில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோர் வாழ்கின்றனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கிருந்த மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். பிறகு வந்த குடியேற்றத்தால் அவர்கள் பாதிக்கும் குறைந்தனர். அகளி, புதூர், சோலையூர் என மூன்று ஊராட்சிகள் அங்கே உண்டு. ஆயினும் வாக்கு எண்ணிக்கையில் மண்ணின் மக்கள் சிறுபான்மையினர். 2013ஆம் ஆண்டில் அங்கே ஊட்டக் குறைவால் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டபோது நாடே அதிர்ந்தது. அலுவலகம் அருகில் இருப்பினும், அதில் தம் சொல் செல்லாவிடில் வரும் கேடு இதுவே.

இடமலைக்குடியின் இடர் இதற்கு நேர்மாறானது. அங்கே சொல் தம்முடையது. அலுவலகமோ தொலைவில் இருந்தது. ஊராட்சி பிறந்த பின்னரும் பல்லாண்டுகள் அதன் அலுவலகம் தேவிகுளத்திலேயே இயங்கிற்று. பெட்டிமுடியிலிருந்து சொசைட்டிக்குடிக்குக் காட்டுவழி ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நியாயவிலை அரிசி நெடுங்காலம் அவ்வழியே தலைச்சுமையாக வந்தது. நோயாளிகளை மூங்கிற் கட்டிலில் வைத்து ஆட்கள் தோள்மாற்றிச் சுமந்தனர். பிறப்புச் சான்று பெறவும், முதியோர் உதவித்தொகை கேட்கவும், தம் ஊராட்சியையே தேடி மலையிறங்க வேண்டியிருந்தது. சட்டம் ஒரு நாளில் ஊராட்சியைப் படைத்துவிடலாம். அதன் பணிகள் வீட்டு வாயிலை அடைவதற்குப் பாதை வேண்டும்.

மற்றொரு தடை மொழி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்று உரிமை தந்தது. ஆனால் முதுவர் பேச்சுக்குத் தனி எழுத்து இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியிலும் படிவத்திலும் மற்றொரு மொழி எனும் நிலையில், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரே வழிகாட்டியாகி விடுகிறார். வேற்று மாநிலத்தில் குடும்ப அட்டைக்காக வரிசையில் நின்ற நம்மவர் யாரும் இத்துன்பத்தை அறியாதவரல்லர்.

இருப்பினும் அம்மக்கள் எழுத்தை ஒதுக்கவில்லை. இடமலைக்குடியில் சின்னத்தம்பி என்பார் தமது தேநீர்க் கடையில் நடத்திய சிறு நூலகத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் சாய்நாத் 2014ஆம் ஆண்டில் எழுதினார். நூல்கள் 160; யாவும் மலையாள நூல்கள். அவற்றுள் சிலப்பதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் ஒன்று. அதனைப் பலர் இரவல் வாங்கிப் படித்தனர். கண்ணகியின் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள், அவள் கதையை மலையாள எழுத்தில் வாசித்தனர் என்பது நினைந்து மகிழத்தக்க செய்தியாகும்.

உள்ளாட்சியின் பெருமையை அளக்கக் கட்டடத்தின் உயரம் போதாது. காட்டுக்குடியில் வாழும் மூதாட்டி ஒருத்தி, தன் மொழியிலே கேட்டு, தனக்குரியதைத் தன் குடியிலேயே பெறுகிறாளா என்பதே அளவுகோல். வாக்குரிமையும் பாதையும் மொழியும் ஒன்றுகூடும் இடத்திலேதான் ஊராட்சி என்ற சொல் முழுப்பொருள் பெறும்.