மருந்தடித்த பெண்கள்: மலேசியத் தோட்டப்புறமும் பராகுவாட் எதிர்ப்பும்

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் பால்மரக் காட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சஞ்சிக்கூலி முறை, கங்காணி முறை, கள்ளுக்கடை எதிர்ப்பு, தோட்டத் துண்டாடல் ஆகியவை குறித்து நூல்களும் ஆய்வேடுகளும் பல உள்ளன. ஆயின் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பல்லாண்டுகள் முதுகில் நஞ்சைச் சுமந்து நடந்த வரலாறு அவற்றுள் ஓரிரு வரிகளாகவே இடம்பெறுகிறது. அவ்வேலைக்கு எதிராகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் மையமாகக் கொண்டு எழுந்த இயக்கத்தையும், அரசு அதற்கு அளித்த மறுமொழிகளையும் இக்கட்டுரை நோக்குகிறது.

முதற்கண் ஒரு சொல்வழக்கைக் குறிப்பிட வேண்டும். தோட்டத்தில் இவ்வேலைக்கு 'மருந்தடித்தல்' என்றே பெயர். தமிழகத்து உழவரும் 'பூச்சிமருந்து' என்றே வழங்குவர். எனவே இவ்வழக்கு தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் 'ராச்சுன்' என வெளிப்படையாக நஞ்சைக் குறிக்கும் சொல்லே வழங்குகிறது. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலும் அதுவே உள்ளது. சட்டம் நஞ்சென்று கூறியதை நம் பெண்கள் மருந்தென்று சொல்லித் தூக்கிச் சென்றனர்.

இரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க நெடுங்காலம் பயன்பட்டது சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சாகும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர்.எச்.நாதன் போன்றோரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனருக்கு இணையான கூலியும் மருத்துவ வசதியும் கேட்டனர். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தக் கோரினர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவ்வாண்டே நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் பெரிதும் பேசப்படுபவை இவையே. தெளிக்கப்பட்ட நஞ்சு இவற்றுள் இல்லை. அக்காலத் தொழிலாளரின் கண்ணுக்கு எதிரியாகத் தெரிந்தவர் துரையும் கிராணியுமே என்று கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பராகுவாட், 'கிராமோக்சோன்' என்ற பெயரில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்து ஆர்சனைட்டின் இடத்தைப் பிடித்தது. இரப்பர் குறைந்து செம்பனை பெருகிய காலமும் அதுவே. குலை வெட்டும் வேலை ஆண்களுக்கு என்றும், உரமிடுதல், மருந்தடித்தல் முதலிய வெளிக்காட்டு வேலைகள் பெண்களுக்கு என்றும் ஆயின. பராகுவாட்டுக்கு முறிவு மருந்து இல்லை. சிறிதளவு உட்சென்றாலும் நுரையீரல் இறுகி உயிர் போகும். தோலில் புண் இருப்பின் அவ்வழியும் உடலுள் ஏறும். கசியும் பம்பு முதுகில் இருக்க, முட்புதரில் கால் கீறியபடி நடப்பவருக்கு இது ஏட்டளவிலான ஆபத்தன்று. கையுறையும் முகக்கவசமும் அணிக என்பது புட்டியில் அச்சிட்ட அறிவுரை. நம் நாட்டு நண்பகல் வெயிலில் அவற்றை அணிந்து ஒரு மணி நேரம் நடந்து பார்த்தவர் அதனை எழுதியிருக்க மாட்டார்.

1982இல் பினாங்கில் தோன்றிய பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும், 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் கோலாலம்பூரில் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பும் இப்பெண்களின் வாய்மொழியைத் திரட்டத் தொடங்கின. 1992இலும் 2002இலும் ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. மூக்கில் இரத்தம் வடிதல், நகம் கறுத்து உதிர்தல், தோல் வெடிப்பு, கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல் என அதுவரை லயத்து வீட்டுக்குள் ஒவ்வொருத்தியும் தனித்தனியே பொறுத்துக்கொண்டவை பொதுச் சான்றுகளாயின. ஐரின் அக்காலத்தில் தடுப்பு முகாம்கள் பற்றிய வேறொரு அறிக்கைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2003இல் தண்டிக்கப்பட்ட அவர் 2008இல்தான் விடுவிக்கப்பட்டார்.

2002 ஆகஸ்டில் அரசு பராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. இவ்வியக்கத்தின் மிகப் பெரிய வெற்றி அதுவே. தோட்ட நிறுவனங்களும் உற்பத்தியாளரும் இடையறாது எதிர்த்தனர். 2006ஆம் ஆண்டின் இறுதியில், மேலும் ஆராய வேண்டும் என்று கூறித் தடை தளர்த்தப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2007 சூலையில், ஐரோப்பிய ஒன்றியம் பராகுவாட்டுக்கு அளித்திருந்த ஒப்புதலை நீக்கியது. அந்நஞ்சை விற்ற சிஞ்செண்டா நிறுவனத்தின் தாயகமான சுவிட்சர்லாந்து 1989இலேயே அதனை விலக்கியிருந்தது.

இவ்விடத்தில் கேரளத்துக் காசர்கோட்டை ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கே அரசின் தோட்டக் கழகமே முந்திரித் தோப்புகளில் தேயிலைக் கொசுவை ஒழிக்க எண்டோசல்பானை வானிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை பல்லாண்டுகள் தெளித்து வந்தது. வேளாண் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது. காசர்கோட்டில் நஞ்சு விழுந்தது ஊரார் கிணற்றிலும் கூரையிலும். ஊரார் தோட்டத்தின் கூலிகள் அல்லர், வீடு அவர்களுடையது. நம் தோட்டத்திலோ தெளிப்பவளும் பாதிக்கப்படுபவளும் ஒருத்தியே. அவள் குடியிருந்த லயமும் பிள்ளையை விட்டுச்சென்ற ஆயாக்கொட்டகையும் முறையிடப்பட வேண்டிய நிர்வாகத்திற்கே சொந்தம். முறையிட்டால் வேலையோடு வீடும் போகும். நம் பெண்கள் அஞ்சியவர், அறியாதவர் என்று சிலர் எழுதுவது இதனால் பொருந்தாது. பேச முடியாத இடத்தில் இருந்தோரின் பேச்சைக் கோலாலம்பூரில் இருந்தோர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவே இவ்வியக்கத்தின் வலிமையும் ஆயிற்று, குறையும் ஆயிற்று. அறிக்கை எழுதும் வரை இருந்த பெண்கள், பேச்சுவார்த்தை மேசைக்கு முடிவுகள் சென்றபோது அங்கு இல்லை.

பராகுவாட் தடை இறுதியாக 2020 சனவரி 1இல் நடப்புக்கு வந்தது. ஐரின் 2014இலேயே மறைந்துவிட்டார். அதற்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகியிருந்தன. எஞ்சிய தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பம்பைத் தூக்கிக்கொண்டிருந்தனர். கிளைபோசேட், குளுபோசினேட் ஆகியவை பராகுவாட்டின் இடத்திற்கு வந்துள்ளன. 1970களில் கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் மருந்தடித்த பெண்களுள் உயிருடன் இருப்போர் இன்று முதியவர்கள். மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்களுடைய நகமும் மூச்சும் தடையின் பயனைக் கண்டவை அல்ல.