வெளுக்கும் பென்சில்

என் அம்மாவின் கல்யாணப் படத்தில் அவர் கன்னத்து அம்மைத் தழும்பு இல்லை. நிறமும் இரண்டு படி கூடியிருக்கிறது. 1974இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். “டச்சப் பண்ணச் சொன்னியாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன். “நான் எங்க சொன்னேன்? அவங்களே பண்ணிக் குடுத்துட்டாங்க” என்றார். கேட்காமலேயே செய்யப்பட்ட அந்த வேலை என்னை வெகுநாள் உறுத்தியது. புகைப்படத் திருத்தத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் அதிகமாக.

அந்தக் காலத்து டச்சப் நெகட்டிவின் மேல் நடந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் விழும் சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, பென்சில் பிடிப்பதற்காக ஒரு பூச்சைத் தடவி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சில் பட்ட இடம் ஒளியை மறைக்கும்; அச்சில் அந்த இடம் வெளுக்கும். கருமையைக் கூட்ட வேண்டுமென்றால் பென்சில் உதவாது. கத்தி எடுத்துப் படலத்தைச் சுரண்ட வேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் நெகட்டிவ் போயிற்று. ஆக, சுலபமான, ஆபத்தில்லாத, மலிவான திருத்தம் என்பது வெளுப்பாக்குவதுதான். நிறவெறியைப் பென்சில் உண்டாக்கவில்லை, உண்மை. ஆனால் அந்த வெறிக்கு இதைவிட வசதியான கருவி வாய்த்திருக்க முடியாது.

1855இல் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், ஒரே முகத்தைத் திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக வைத்துக் காட்டினார். அதற்குப் பின் திருத்தாத முகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஐரோப்பிய, அமெரிக்க ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் திருத்துவதும் அச்சுக்கு வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களிடம் விடப்பட்ட வேலை. உட்கார்ந்து செய்வது, பொறுமை வேண்டுவது, கூலி குறைந்தது. அட்டையின் அடியில் பொன்னெழுத்தில் இருப்பது முதலாளியின் பெயர். ‘படைப்பாளியின் பார்வை’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சாய்வு மேசைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தன் பார்வை தன்னுடையதுதான் என்று அடித்துச் சொன்ன ஒரு பெண்ணும் அதே காலத்தில் இருந்தார். ஜூலியா மார்கரெட் கேமரன், கொல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கரி போடும் அறை இருட்டறையானது, கோழிக்கூண்டு ஸ்டூடியோவானது. முதல் படத்தைக் கண்ணாடித் தகட்டின் படலப் பக்கத்தில் கை பட்டுத் தானே அழித்துக்கொண்டதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அதன் பிறகும் ‘சுத்தமாக’ வேலை செய்ய அவர் முனையவில்லை. முகத்தைத் தெளிவின் விளிம்பிலிருந்து வேண்டுமென்றே விலக்கினார். கைரேகையும் கசிந்த ரசாயனமும் அச்சில் அப்படியே நின்றன. உடைந்த தகட்டிலிருந்தும் அச்செடுத்தார். இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்தார். நெகட்டிவைச் சுரண்டிக் கோடிட்டார். பென்சிலை அல்ல, கத்தியின் வழியைத் தேர்ந்தவர் அவர். புகைப்படச் சங்கத்தாரின் பத்திரிகைகள் இதைத் தொழில் தெரியாத பெண்ணின் அலங்கோலம் என்கிற தொனியில் எழுதின. 1857இல் ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டி ஒரே படமாக்கியபோதும் சண்டை நடந்தது. ஆனால் அவருக்குத் தொழில் தெரியும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கேமரனைக் கொண்டாடி இங்கே நிறுத்திவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1875இல் அவரும் கணவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டிப்போன கூலிகளின் உழைப்பில் நின்ற தொழில் அது. கேமரன் அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தன்னைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நார்த்தை எடுத்தார், பெயரோடு. களுத்துறையில் உள்ளூர் மக்களை எடுத்தார். ‘குடியானவர்கள்’ என்பதோடு சரி. வைட் தீவில் தன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மரியன்னையாக்கியவருக்கு, இந்தப் பெண்களை என்னவாக்குவது என்றுகூடத் தோன்றவில்லை. 1879இல் அவர் இறந்தது மலையகத்தில், கல்லறை பொகவந்தலாவையில்.

இருட்டறையை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தது ஃபோட்டோஷாப். டாட்ஜ் கருவியின் படக்குறி, இருட்டறையில் ஒளியை மறைக்கக் கம்பியில் குத்தி வைத்திருந்த அட்டை. பர்ன் கருவிக்கு, குவித்த கை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் எழுதிய இந்த நிரலை அடோபி 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதற்கு முன் நிறுவனங்களுக்குச் செய்துகாட்ட ஜானுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. கணினியில் ஏற்றிய படங்கள் அன்று அரிது. கையில் இருந்தது, 1987இல் போரா போரா கடற்கரையில் தன் காதலி ஜெனிஃபரை எடுத்த படம். மேலாடையின்றி, முதுகைக் காட்டியபடி, எதிரே உள்ள தீவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வெட்டுவதும் நகலெடுப்பதும் ஒட்டுவதும் முதன்முதலில் பலர் கண்முன் நடந்தது இந்தப் படத்தின் மேல்தான். ஜெனிஃபரும் ஜானின் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். அவர் இதைக் குறையாகச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. அன்பில் எடுத்த படம், இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்பே, 1973இல், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஸ்கேனர் முன் வைக்கப்பட்டது ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கம். லெனா என்ற சுவீடன் பெண்ணின் படத்தைத் தோள்வரை வெட்டி வைத்துக்கொண்டு, படத்தைச் சுருக்கவும் கூராக்கவும் உலகமெங்கும் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பழகினார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஐஇஇஇ கணினிச் சங்கம் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதை நிறுத்தியது 2024 ஏப்ரலில். 51 ஆண்டுகள்!

இன்று பயிற்சி வகுப்புகளில் கருவி முக்கியமில்லை, உங்கள் பார்வைதான் முக்கியம் என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தோலின் நயத்தையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரித்துத் திருத்தும்போது, எதை அழுக்கென்று துடைக்கிறேன், எதை முகமென்று விட்டுவைக்கிறேன் என்பதை என் கை எனக்கு முன்னால் முடிவு செய்துவிடுகிறது. கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் நிறத்தை ஏற்றித் தரச் சொல்லி முதலில் போன் செய்வது பெரும்பாலும் மாமியார் வீட்டார்.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நானே படம் எடுத்தேன். தழும்பைத் தொடவில்லை, நிறத்தைத் தொடவில்லை. பெருமையோடு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதை மட்டும் எடுத்துடேன்” என்று கன்னத்தைத் தொட்டார். ஸ்டூடியோக்காரர் அவரைக் கேட்காமல் எடுத்தார். நான் அவரைக் கேட்காமல் வைத்திருந்தேன்.

தழும்பு நீங்கிய கன்னத்தைத் தனி லேயரில் போட்டு, நாற்காலியை இழுத்து அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். “எங்க நிறுத்தணுமோ நீயே சொல்லும்மா” என்று மவுஸை அவர் கையில் கொடுத்தேன். கடைசிவரை தள்ளினார், திரும்பக் கொண்டுவந்தார், மறுபடி தள்ளினார். நாற்பதில் வைத்துவிட்டு, “போதும்” என்றார்.