புதுக்கடையிலிருந்து ஹேக் வரை

கொழும்பு மாநகரில் நீதிமன்றங்கள் நிறைந்து விளங்கும் புதுக்கடைக்கு ஹல்ஸ்டோர்ப் என்றொரு பெயரும் உண்டு. 1656ஆம் ஆண்டில், போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது உயிர் துறந்த ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்ட் என்பாரின் நினைவாக வந்த பெயர் அது. காணித் தகராறும் கடன் வழக்கும் நாள்தோறும் விசாரிக்கப்படும் அவ்விடத்தில் நீதித் தொண்டாற்றிய ஒருவர், உலகின் காலநிலையைக் காக்கும் சட்டத்துக்கும் உரமூட்டினார். அவர்தாம் சி. ஜி. வீரமந்திரி.

1926ஆம் ஆண்டில் கொழும்பிலே பிறந்த அவர், 1967 முதல் 1972 வரை இலங்கை உயர் நீதிமன்றத்து நீதியரசராக விளங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவிற் சட்டப் பேராசிரியராயிருந்து, 1991இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அமர்ந்தார். அங்கே அவர்முன் டான்யூப் நதி வழக்கு வந்தது. அந்நதியில் அணைகள் கட்ட ஹங்கேரியும் செக்கோசுலோவாக்கியாவும் 1977இல் உடன்படிக்கை செய்திருந்தன. சுற்றாடலுக்குக் கேடு விளையுமென அஞ்சி ஹங்கேரி வேலையை நிறுத்தவே, பிணக்கு மூண்டது.

1997 செப்டெம்பர் 25இல் தீர்ப்பு வெளியாயிற்று. வீரமந்திரி தனியே ஒரு கருத்துரை எழுதினார். வளர்ச்சியும் சுற்றாடலும் ஒன்றையொன்று அழிக்காமல் இசைந்து நடக்க வேண்டும் என்பது மேனாட்டார் நேற்றுக் கண்ட கொள்கையன்று. பண்டை மக்கள் பலர் கடைப்பிடித்த ஒழுக்கம் என அவர் நிறுவினார். சான்றாக இலங்கையின் குளங்களைக் காட்டினார். மன்னன் நிலத்துக்கு உரிமையாளன் அல்லன், பாதுகாவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வழிவழி வந்த செய்தியையும் எடுத்தாண்டார்.

அக்கருத்து புதுக்கடைக்கே திரும்பி வந்தது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவை அகழ்வதற்கு வகுத்த திட்டத்தை எதிர்த்து அவ்வூரார் வழக்காடினர். கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு 87 கிலோமீற்றர் தூரம் நீர் கொண்டு செல்லும் ஜய கங்கை அப்பகுதி வழியே ஓடுகிறது. 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வீரமந்திரியின் உரையை மேற்கோள் காட்டி, உரிய ஆய்வும் சுற்றாடல் அனுமதியுமின்றி அத்திட்டம் நடைபெறலாகாது எனத் தீர்த்தது.

ஒரு நதிக்கும் ஒரு கால்வாய்க்கும் பொருந்தும் அவ்வறம், யாவர்க்கும் பொதுவான வானுக்குப் பொருந்தாதா? பசிபிக் தீவாகிய வனுவாட்டின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2023 மார்ச்சில் இதையொத்த வினாவைச் சர்வதேச நீதிமன்றத்திடம் விடுத்தது. 2025 ஜூலை 23இல் நீதிபதிகள் ஒருமனதாக விடை தந்தனர்: காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, கடமை தவறுவது சர்வதேசச் சட்டத்தின் முன் குற்றமாகலாம். வீரமந்திரி அதனைக் கேட்டிலர். 2017 ஜனவரியிலேயே அவர் மறைந்துவிட்டார்.

அது ஆலோசனைக் கருத்தே. எவரையும் வற்புறுத்தும் ஆணையன்று. ஆனால் இயற்கை காத்திருக்கவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐக் கடந்துவிட்டது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான ஈரத்தைத் தாங்கும்; அது பெருமழையாய் இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலைகள் சரிந்தன. கொழும்பின் வடக்கே கடலில் கலக்கும் களனி கங்கை கரை புரண்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு புயலின் பழி முழுவதையும் காலநிலை மாற்றத்தின்மேற் சுமத்த இயலாது. எனினும் இத்தகைய மழையின் வேகத்தை வெப்பம் பெருக்குகின்றது என்பதில் ஐயமில்லை.

உலகம் வெளியேற்றும் வாயுக்களில் இலங்கையின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. ஆகவே இலங்கை தனித்து இத்தீங்கைத் தடுக்க வல்லதன்று. உலக நாடுகள் யாவும், அவற்றுள்ளும் மிகுதியாகப் புகை கக்கிய நாடுகள் முதலாவதாக, இன்றே செயற்பட வேண்டும். புதுக்கடையில் ஒரு வழக்குத் தவணைமேல் தவணையாகத் தள்ளிப்போகலாம். பெருகிவரும் வெள்ளத்துக்கோ தவணை இல்லை.