வெள்ளென என்னும் சொல்

"நாளைக்கு வெள்ளென வா" என்பது மட்டக்களப்பு வாவிக்கரையில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. ஆங்கிலம் பயின்றோர் 'ஏர்லி' என்று சொல்லுமிடத்தில் வழங்கும் இச்சொல்லைக் கொச்சையென்று கருதி, எழுத்தில் வைக்கக் கூசுவோர் உளர். அக்கூச்சத்துக்குக் காரணம் இல்லை.

ஆங்கிலச் சொல்லை முதலில் நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் 'ஏர்' என்பது 'முன்' எனப் பொருள்படும். அதனோடு 'லீச்சே' என்னும் ஈறு சேர்ந்து பிறந்த வினையடையே தேய்ந்து 'ஏர்லி' ஆயிற்று. அவ்வீற்றின் மூலமாகிய 'லீச்' உடலையும் வடிவையும் குறித்த பெயர். இன்று அம்மொழியின் வினையடைகள் பலவற்றின் இறுதியில் ஒலிக்கும் 'லி' ஒருகாலத்தில் உடலைக் குறித்தது என்பதை ஆங்கிலேயருள்ளும் பலர் அறியார்.

தமிழ்ச் சொல்லின் வரலாறு வேறு. 'வெள்' என்பது வெண்மை, ஒளியுமாம். 'என' என்பது சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்னும் வினையடியாகப் பிறந்தது. தொல்காப்பியர் இடையியலில் இதற்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைகளை வகுத்தார். அவற்றுள் பண்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டில் நிற்பது இதே 'வெள்ளென' என்னும் சொல்தான்! அங்கே அது நிறத்தைச் சுட்டி நிற்கிறது. மக்கள் வழக்கிலோ, வானம் வெளுக்கும் வேளையைக் குறித்து, 'நேரத்தோடு' என்று பொருள் விரிந்தது. விடியலோடு தொடர்பே இல்லாத இரவிலும் "வெள்ளெனப் படு" என்று தாய் பிள்ளைக்குச் சொல்கிறாள். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இது 'வெள்ளன' என்று ஒலிக்கும்.

பேச்சுத் தமிழ் வகைகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று செக் நாட்டறிஞர் கமில் சுவலெபில் 1960களில் எழுதினார். இலக்கண உரையில் இருக்கும் சொல் இங்கே வாயிலும் இருப்பதில் வியப்பென்ன? போதாக்குறைக்கு, இம்மக்கள் தம் நிலத்தையே ஞாயிற்றைக் கொண்டு பெயரிட்டவர்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கீழ்க்கரை எழுவான்கரை. வயல்கள் பரந்த மேற்கரை படுவான்கரை. எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் வேளாண்மை செய்தவர்கள் வாவியைக் கடந்தே வயலுக்குச் செல்லவேண்டியிருந்தது. மண்முனைத்துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று அவர்கள் அழைத்த மிதவையே ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்த்தது. பாதைக்குக் காத்து நிற்காமல் கடக்க விரும்பியவன் வெள்ளெனப் புறப்பட்டான்.