நித்தியகல்யாணி

எவரும் நீர் ஊற்றாமலே லயத்து வாசலிலும் கோவில் ஓரத்திலும் ஆண்டு முழுதும் பூக்கும் ஒரு செடியை நாம் அறிவோம். பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ஆடு மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. நித்தியகல்யாணி என்பது அதன் பெயர். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. மலாய்க்காரர்கள் அதைக் 'கெமுந்திங் சீனா' என்கின்றனர். ஆனால் அது பிறந்த மண் சீனாவும் அன்று, தமிழகமும் அன்று. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவே அதன் தாயகம். அங்கே கடலோர மணலில், வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி வளர்ந்த காட்டுப்பூ அது.

18ஆம் நூற்றாண்டில் அதன் விதைகள் பாரிஸ் நகரத் தோட்டத்தையும், அங்கிருந்து லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தையும் அடைந்தன. வெப்பநாடுகள் பலவற்றிலும் செடி பரவியது. சென்ற இடங்களில் மக்கள் அதை மருந்தாக்கிக் கொண்டனர். இந்தியாவில் குளவிக் கடிக்கு இலைச்சாறு பூசினர். பல நாடுகளில், நம்மவர் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் நீரிழிவுக்கு இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தனர்.

1952இல் கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. அதில் 25 நித்தியகல்யாணி இலைகள் இருந்தன. அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு இதைக் குடிக்கின்றனர் என்று அனுப்பியவர் தெரிவித்திருந்தார். டாக்டர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம்முடைய தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பி இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோதோ வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்து, எலிகள் நோய்த்தொற்றால் இறந்தன.

அந்தத் தோல்வியிலேதான் புதிய வழி தெரிந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்ற கேள்வி எழுந்தது. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சேர்ந்து இலையிலிருந்து 'வின்பிளாஸ்டின்' என்னும் பொருளைப் பிரித்து, 1958இல் அறிவித்தனர். அமெரிக்காவில் தனியே நடந்த ஆராய்ச்சியில் 'வின்கிரிஸ்டின்' கிடைத்தது. அது 1963இல் மருந்தாக ஏற்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் மற்ற மருந்துகளோடு சேர்த்து அது கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.

நேயர்களே, இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அணுக்கள் பெருகாமல் தடுக்கும் அதே பொருள்தான் அந்தக் கஷாயத்திலும் இருக்கிறது. மருத்துவர்கள் அதை மிக நுண்ணிய அளவில், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்தே ஏற்றுகின்றனர். நம் அடுப்பில் அந்த அளவை யார் பார்ப்பது? அளவு மீறினால் நரம்பு கெடும். நோயை எதிர்க்கும் வலு குன்றும். கருவுற்ற பெண்கள் அதைத் தொட்டுப் பருகவே கூடாது.

முன்னோர் காட்டிய இலை வீண்போகவில்லை. அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்ததனால்தான் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தனர். ஆகவே செடி வாசலில் பூக்கட்டும், பூவைப் பூசைக்குப் பறிப்போம். இனிப்பு நீருக்கு மருந்து வேண்டுமானால் மருத்துவமனைக்குச் செல்வோம்.